பேரருவிக்கு மேலே ஒரு காவல்

குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் சொரிமுத்துவை வாயாடி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஏர் கட்டினால் மாட்டோடு பேசுவார். மாட்டை அவிழ்த்துவிட்டால் பக்கத்து வயல்காரனோடு பேசுவார். பக்கத்தில் ஆளே இல்லையென்றால் நாற்றங்காலைப் பார்த்து, "என்ன, இன்னைக்கு மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று விசாரிப்பார். நடவுக்கு வரும் பெண்கள் அவர் வயல் என்றால் முந்திக்கொண்டு வருவார்கள். குனிந்த முதுகின் வலி தெரியாமல் சிரிக்கவைத்தே பொழுதைச் சாய்த்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய், யாரோடும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிரு என்று ஒரு பாறைமேல் உட்காரவைத்தார்கள்.

உட்காரவைத்தவர் வல்லிநாயகம் பிள்ளை. சிற்றாற்றுப் பாசனத்தில் அவருக்கு நன்செய் ஏராளம். கோயில் காரியமானாலும் ஊர்க் காரியமானாலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. சொரிமுத்து உழுததும் அவருடைய வயலைத்தான். அப்பா காலத்துக் குத்தகை. குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த பெரிய மனிதர்கள் சேர்ந்து சீசன் காரியங்களைக் கவனிக்க ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் பிள்ளைதான் தலைவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசனில், பேரருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டு வெள்ளம் இறங்கிச் சிலரைக் கொண்டுபோயிற்று. மேலே மழை கொட்டியது கீழே யாருக்கும் தெரியாது. குற்றாலத்தில் அப்போது வெறும் சாரல்தான். அதிகாரிகள் கமிட்டியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். அடுத்த சீசனுக்குள் கமிட்டி ஓர் ஏற்பாடு செய்தது. அருவிக்கு மேலே ஆறு வளைந்து வரும் இடத்தில், கீழே நின்று அண்ணாந்தால் தெரிகிற ஒரு பாறை. அதன்மேல் உட்கார்ந்தால் செண்பகாதேவிப் பக்கமிருந்து வரும் தண்ணீர் கொஞ்ச தூரத்துக்குத் தெரியும். பாறையை ஒட்டிய மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அடிக்க ஓர் இரும்புக் கம்பியும் வைத்தார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஒருவன் அங்கே இருக்கவேண்டும். வெள்ளம் வருவது கண்டால் அடிக்கவேண்டும். கீழே கமிட்டிக் கொட்டகையில் இருக்கும் குமாஸ்தா சிவசைலம் சத்தம் கேட்டதும் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவார்.

"மூணு மாசம்தானலே" என்றார் பிள்ளை. "வயலை உன் பொண்டாட்டி பாத்துக்கிடுவா. எனக்கு நம்பிக்கையான ஆள் வேணும்."

குத்தகைக்காரன் முடியாது என்று சொல்லும் வழக்கம் இல்லை. தவிர, சொரிமுத்துவுக்கு உள்ளுக்குள் பெருமையும் இருந்தது. "ஊரே குளிக்குது, நான் காவல் இருக்கேன்" என்று மனைவி முப்பிடாதியம்மாளிடம் சொல்லிச் சிரித்தார். "ராசா கூட என்னை நம்பித்தான் தலையைக் கொடுக்கணும், பாத்துக்க."

வேலையின் சட்டங்களைப் பிள்ளை நேரிலேயே வந்து சொன்னார். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கக்கூடாது. யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது. பாட்டுப் பாடக்கூடாது; பாட்டில் மனம் போய்விடும். சாப்பிடும்போதும் தண்ணீரைப் பார்த்தபடியே சாப்பிடவேண்டும். முப்பிடாதி உச்சிப்பொழுதுக்குக் கஞ்சி கொண்டுவந்து அவர் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்று ஊர்க்கதை சொல்லுவாள். அவர் திரும்பாமல் ம் கொட்டுவார். சில நாளில் சிவசைலம் அதையும் பார்த்துப் பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவள் சட்டியை வைத்துவிட்டு வாய் திறக்காமல் இறங்கிப் போனாள்.

முதலில் வந்தது கண் கோளாறு. நாள் முழுக்க ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கரையைப் பார்த்தால், கரைப்பாறை மேல்நோக்கி ஊர்ந்தது. அந்தியில் வீட்டுக்கு வந்தால் சுவர் ஊர்ந்தது. முப்பிடாதியின் முகம்கூடக் கொஞ்ச நேரம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, நீ சொர்க்கத்துக்குப் போறியாட்டி?" என்று அவர் கேட்க, அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அதுதான் கடைசியாகக் கேட்ட வேடிக்கைப் பேச்சு.

ஆனி பாதியில் ஒரு காலை, தண்ணீரில் சருகு கும்பலாக வந்தது. நிறமும் கொஞ்சம் மங்கியதுபோல் இருந்தது. சொரிமுத்து கம்பியை எடுத்து வெளுத்து வாங்கினார். கீழே விசில் பறந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு வடக்கே ஒரு ஜமீன் வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்த தலையும் நனைந்த சேலையுமாக அவர்கள் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே ஓடவேண்டியதாயிற்று. ஒருத்தி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். வெள்ளம் வரவில்லை. மேலே எங்கோ காற்றில் மரம் சாய்ந்து சருகு விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளை ஆள் அனுப்பி அவரைப் பங்களாவுக்கு வரவழைத்தார். ஜமீன் ஆட்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். பிள்ளை எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார்.

"சருகுக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாதாலே ஒனக்கு? சிற்றாத்துத் தண்ணி குடிச்சுத்தானே வளந்த?"

"ஐயா, வந்துட்டா அப்புறம் அடிச்சுப் பிரயோசனம் இல்லையே. அதான் முந்தி..."

"எதுத்தா பேசுத? நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும்தான் அடிக்கணும். இன்னொரு வாட்டி வீணுக்கு அடிச்சே, வயலை விட்டு எறங்கிரணும். பொறவு வருத்தப்படக்கூடாது."

"நிச்சயமானு எப்படிய்யா தெரியும்?"

"அதுதானே ஒன் வேலை!" என்றார் பிள்ளை. நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முட்டி பெயர்ந்த பெண்ணின் தகப்பனார் காலில் விழச் சொன்னார்கள், விழுந்தார்.

மறுநாள் பாறையில் உட்கார்ந்தபோது தண்ணீர் வேறாக இருந்தது. நேற்றுவரை அது வெறும் ஆறு. இன்றைக்கு அதன் ஒவ்வொரு நெளிவும் அவரைக் கேள்வி கேட்டது. இது வெள்ளமா? இல்லையா? நிச்சயமா? ஒரு சுழி கொஞ்சம் பெரிதாகச் சுழித்தால் கை தானாகக் கம்பிக்குப் போகும். போன கையை மனது இழுத்துப் பிடிக்கும். அடித்து வெள்ளம் வராவிட்டால் வயல் போயிற்று. அடிக்காமல் வெள்ளம் வந்துவிட்டால் உயிர் போயிற்று. காலையிலிருந்து அந்தி வரை இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் கை போய்ப் போய்த் திரும்பியது. வெயிலில் களை பறித்த நாட்களில் வராத வேர்வை, சாரலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது முதுகில் வழிந்தது.

கஞ்சி இறங்கவில்லை. படுத்தால் கண் மூடவில்லை. மூடினால் இமைக்குள் தண்ணீர் ஓடியது. அடுக்களையில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் சத்தம் கொஞ்சம் மாறினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வட்டிலைக் கையால் அடித்தார். முப்பிடாதி ஒருநாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, "என்ன செய்யுது ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யலை. அடிக்கணுமா வேண்டாமானு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"இப்ப வீட்டிலதானே இருக்கீக?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆமா" என்றார். நம்பிச் சொன்னதுபோல் தெரியவில்லை.

அவளே சொல்லித்தான் அவர் பிள்ளையிடம் போனார். உச்சிப்பொழுதுக்கு மட்டும் வேறொரு ஆளை உட்காரவைத்தால் கொஞ்சம் கண்ணசந்துவிட்டு வரலாம் என்று கேட்டார். பிள்ளை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, வேடிக்கையாக இருந்தது.

"உழுதியா? கல்லு தூக்குனியா? உக்காந்து பாக்கதுக்கு என்னலே களைப்பு? சாரல்லே காத்து வாங்கிக்கிட்டு இருக்க. இதுக்காகவே மதுரையிலேருந்தும் மெட்ராஸ்லேருந்தும் ஆளு வாரான், தெரியுமா?"

சிவசைலமும் பக்கத்தில் இருந்தார். "ஒடம்புல ஒரு காயம் உண்டா, காய்ச்சல் உண்டா, காட்டச் சொல்லுங்க" என்றார். சொரிமுத்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

ஆடி பிறந்தது. அச்சன்புதூரிலிருந்து பயிர்த்தொழில் செய்யும் பிச்சைமணி என்றொரு சம்சாரி, புதிதாகக் கட்டிய மனைவி ஆவுடைத்தாயைக் கூட்டிக்கொண்டு வண்டி கட்டி வந்திருந்தான். கோயிலில் கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் குளிக்க வந்தார்கள். அவள் பெண்கள் பக்கம் போனாள். அவன் துணிமணியை வைத்துக்கொண்டு பாறையோரம் நின்றான்.

மேலே சொரிமுத்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பார்த்ததில் வெளிச்சமும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலங்கிப்போயிருந்தன. வளைவில் சருகு வந்தது. சருகுக்குப் பின்னால் ஒரு மங்கல். அவர் எழுந்துவிட்டார். கம்பியை ஓங்கியும்விட்டார். ஓங்கிய கை தலைக்குமேல் நின்றது.

நிச்சயமா?

ஜமீன் ஆட்களின் சிரிப்பு காதில் கேட்டது. கன்னம் எரிந்தது. இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், இந்த ஒரு நெளிவு போகட்டும் என்று கண்ணை இடுக்கினார். அந்த நெளிவுக்குப் பின்னால் ஆறு செம்மண் நிறத்தில் சுவர்போல எழும்பி வந்தது. அப்புறம் அடித்தார், மரக்கிளை ஒடிய அடித்தார். கீழே விசில் கேட்டது, எல்லோரும் ஓடினார்கள். ஏறக்குறைய எல்லோரும் தப்பித்தார்கள். ஈரச்சேலை காலில் சுற்றித் தடுக்கிய ஆவுடைத்தாய் மட்டும் தப்பவில்லை. இலஞ்சிப் பக்கம் ஆற்றங்கரைத் தாழம்புதரில் உடம்பைக் கண்டெடுத்தார்கள்.

தென்காசியிலிருந்து அதிகாரி விசாரிக்க வருவதற்குள் பிள்ளை சொரிமுத்துவைத் தனியே கூப்பிட்டார். அன்றைக்கு அவர் குரல் இதமாக இருந்தது.

"தூங்கிட்டேன்னு சொல்லிரு."

"ஐயா, நான் தூங்கலை. கண்ணைக் கொட்டக்கூட இல்லை."

"முழிச்சு இருந்தும் அடிக்கலைன்னா என்ன அர்த்தம்? வேணும்னே கொன்னேன்னு அர்த்தம். ஜெயிலுக்குப் போவ. தூங்கிட்டான்னா, பாவம் கூலிக்காரன், அசந்துட்டான்னு நாலு வசவோட விட்டுருவாங்க. கமிட்டிக்கும் பேரு கெடாது. யோசிச்சுக்க."

"நீங்கதானேய்யா நிச்சயமாத் தெரிஞ்சா..."

"நான் என்னலே சொன்னேன்?" என்று கேட்டார் பிள்ளை, அதே இதமான குரலில். "யாரு கேட்டா?"

அதிகாரி வந்தார். கூட்டமும் வந்தது. சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, "தூங்கிட்டேன் எசமான்" என்றார். கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து தோளில் பட்டது. அதிகாரி வைதார்; தண்டிக்காமல் விட்டார். பிள்ளை சொன்னபடியேதான் நடந்தது. தூங்கினவன் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தூக்கமே இல்லாமல் கிடந்த மனிதருக்கு அந்தப் பெயரை வைத்துக் கடைத்தெருவில் சிறுவர்கள் கூவினார்கள்.

வேலையை விட்டு நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தார். நீக்கியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் ஒரு சாவு நடந்த இடத்தில் உட்கார வேறு ஆள் கிடைக்கவில்லை. "தப்புச் செஞ்சவன்தான் இனி ஒழுங்காப் பாப்பான்" என்று பிள்ளை கமிட்டியில் சொன்னார். எல்லோரும் அதைப் புத்திசாலித்தனமான பேச்சென்று ஒத்துக்கொண்டார்கள். மறுபடி அதே பாறை.

கருமாதி கழிந்தபிறகு பிச்சைமணி மேலே ஏறி வந்தான். சொரிமுத்து தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலடிச் சத்தத்தை வைத்தே யார் என்று எப்படியோ தெரிந்துகொண்டார். பிச்சைமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அவனும் தண்ணீரைப் பார்த்தான்.

"நீரு தூங்கலை" என்றான். "ஊரெல்லாம் தூங்கினீருன்னு சொல்லுதாங்க. நான் கீழ நின்னு மேலதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீரு எந்திரிச்சீரு. கம்பியை ஓங்கினீரு. ஓங்கின கை அப்படியே நின்னுது."

சொரிமுத்து கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்துக்கு ஓய் நின்னுது?"

"தெரிஞ்சுக்கிடணும்னு... நிச்சயமாத் தெரிஞ்சுக்கிடணும்னு பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

பிச்சைமணி எழுந்தான். அடிப்பான் என்று சொரிமுத்து நினைத்தார். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவன் அடிக்கவில்லை. "தூங்கியிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்றிலிருந்து சொரிமுத்து எல்லாவற்றுக்கும் அடிக்க ஆரம்பித்தார். சருகுக்கு அடித்தார். குரங்கு தண்ணீரில் குதித்தால் அடித்தார். மேகம் வெயிலை மறைத்துத் தண்ணீர் கறுத்தால் அடித்தார். கீழே குளிக்க வந்தவர்கள் காலையில் நாலு தடவை ஓடி நாலு தடவை திரும்பினார்கள். பங்களாக்காரர்கள் கொதித்துப்போனார்கள். சீசனே கெட்டுவிடும் என்றார்கள்.

பிள்ளை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்டவாளத் துண்டை அவிழ்த்துக் கீழே கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சொரிமுத்துவிடம் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்தார்கள். வெள்ளம் என்று தோன்றினால் துணியை வீசவேண்டும். அதைப் பார்த்துச் சிவசைலம் யோசித்து, அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

"பாக்கது ஒன் வேலை. அடிக்கது என் வேலை. தெரிஞ்சுதா?" என்றார் சிவசைலம். "நிம்மதிதானே இனி?"

சொரிமுத்து துணியை வீசினார். சிவசைலம் மேலே பார்க்கவே இல்லை. அவர் கொட்டகையில் ஒரு வைத்தியரோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். சொரிமுத்து பாறை விளிம்புக்கு வந்து, கை ஓயும்வரை வீசினார், கத்தினார். அருவி இரைச்சலில் கத்தல் எங்கே கேட்கும்? வெள்ளம் வரவில்லை. மறுநாளும் வீசினார், வெள்ளம் வரவில்லை. கீழே இருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் வேடிக்கைக்காகத் தங்கள் துண்டுகளை எடுத்துத் திருப்பி வீசினார்கள்.

பார்க்கவும் வேண்டும், பார்த்ததை வைத்து ஒன்றும் செய்யவும் முடியாது. ஒரு பகல் அவர் துணியைப் போட்டுவிட்டுப் பாறைகளில் உருண்டு புரண்டு கீழே இறங்கினார். குளிக்கும் கூட்டத்துக்குள் புகுந்து, கைக்கு அகப்பட்டவர்களை இழுத்து வெளியே தள்ளினார். "வருது, வருது, ஓடுங்க!" பெண்கள் பக்கமும் போய், ஈரச்சேலையோடு நின்ற ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குமேல் கூட்டம் பொறுக்கவில்லை. ஆண்கள் சூழ்ந்துகொண்டு மிதித்தார்கள். அடி விழ விழ அவர் எல்லோரையும் ஓடச் சொல்லிக்கொண்டிருந்தார். பல் உடைந்தது. சிவசைலம் தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பைத்தியம்" என்றார். அதுவரை சோம்பல், பொய், திமிர் என்று சொன்னவர்களெல்லாம் அந்த ஒரு சொல்லில் ஒத்துப்போனார்கள்.

பைத்தியத்துக்கு மருந்து குற்றாலத்திலேயே இருந்தது. எங்கெங்கோ இருந்து புத்தி பேதலித்தவர்களைக் கட்டிக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவார்கள். தண்ணீர் உச்சியில் விழுந்தால் தெளியும் என்று நம்பிக்கை. பிள்ளையே முன்னின்று ஏற்பாடு செய்தார். "நம்ம ஆளு. நாம பாக்காம யாரு பாப்பா?" என்றார். அதை மனதாரத்தான் சொன்னார்.

முப்பிடாதி காலைப் பிடித்துக் கெஞ்சினாள். "ஐயா, வேற எதுனாலும் செய்யுங்க. மருந்து கொடுங்க, மந்திரிக்கச் சொல்லுங்க. அந்தத் தண்ணிக்குக் கீழ மட்டும் நிறுத்தாதீங்க."

"எல்லாரும் புண்ணியம்னு வந்து நிக்க இடம். ஒம் புருசனுக்கு மட்டும் ஆகாதோ?"

எண்ணெய் தேய்த்துவிடும் தடியர்கள் இரண்டு பேர் அவருடைய கைகளைப் பின்னால் கட்டி அருவிக்குள் கொண்டுபோனார்கள். உச்சியில் விழும் தண்ணீருக்கு நேரே நிறுத்தி, தலையைக் குனியவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். சொரிமுத்து திமிறினார். தண்ணீருக்கு நடுவில் கண்ணைத் திறந்து மேலே பார்க்க முயன்றார். அந்த நேரம் பாறையில் யாருமில்லை. அவர் இங்கே இருந்தார். அங்கே பார்க்க ஆளில்லை. அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "மேல ஆளில்லை... மேல ஆளில்லைய்யா..." வாய்க்குள் தண்ணீர் போனது. தடியர்கள் அவர் உளறுவதாக நினைத்து இன்னும் அழுத்திப் பிடித்தார்கள். முப்பிடாதி சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கரையில் நின்றாள்.

தினமும் காலையில் இது நடந்தது. முதலில் கத்தினார், பிறகு முனகினார், பிறகு அதுவும் நின்றது. கட்டு அவிழ்த்தால் அவிழ்த்த இடத்தில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பிள்ளை வந்து பார்த்துத் திருப்திப்பட்டார். "தெளிஞ்சிட்டானா இல்லையா?" என்று கூடியிருந்தவர்களைக் கேட்டார். எல்லோரும் ஆமென்றார்கள்.

ஐப்பசியிலும் பின்பனிக் காலத்திலும் வயல் வேலையை முப்பிடாதிதான் செய்தாள். சொரிமுத்து வரப்பில் இருப்பார். மாட்டோடு பேசவில்லை, மனிதரோடும் பேசவில்லை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் எழுந்து மறுபக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அடுத்த வைகாசி முடிவில் சிவசைலம் மேலகரத்துக்கு வந்தார். சீசன் தொடங்கப்போகிறது, பிள்ளை வரச்சொன்னார் என்றார். முப்பிடாதி தானே போனாள்.

"அவன் எங்க?" என்றார் பிள்ளை.

"அவுக வரமாட்டாக ஐயா."

"ஏன்? நல்லாத்தானே இருக்கான். இப்ப முன்னையவிட நல்லது. வாய் பேச்சில்லை, தொந்தரவு இல்லை. ஒரே எடத்துல இருக்கான். அந்த வேலைக்கே பொறந்தவன் மாதிரி ஆயிட்டான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். வேடிக்கை பேசுகிறாரோ என்று பார்த்தாள். இல்லை.

"ஐயா, நீங்க அவுகளை ஒரு மனுசனா என் வீட்டிலேருந்து கூட்டிட்டுப் போனீக. திருப்பி அனுப்பினது மனுசன் இல்லை. மிச்சம் கெடக்கதை நான் தரமாட்டேன்."

"அப்ப வயலு?"

"வச்சுக்கிடுங்க."

அப்பா காலத்துக் குத்தகை அன்றோடு போயிற்று. சட்டிபானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, புருஷனைக் கைப்பிடித்து உட்காரவைத்து, புளியங்குடிக்குப் புறப்பட்டாள். அங்கே அவள் அண்ணன் மாடன் எலுமிச்சைத் தோப்பில் காவல் இருந்தான்.

தோப்பில் ஆறு கிடையாது, அருவி கிடையாது. கிணறு ஒன்று உண்டு. கமலை இறைக்கும் நேரம் மட்டும் முப்பிடாதி அவரைத் தெருப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். மற்ற நேரம் அவர் பழம் தரம் பிரித்தார். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். சில சமயம் ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியதா சிறியதா என்று முடிவு செய்யமுடியாமல் வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். மாடன் அதைப் பிடுங்கி எறிந்தால்தான் அடுத்தது. "ஒரு பழம் மச்சான், பழம்!" என்று அவன் கத்துவான். பிறகு அவனே சலித்து, கூடை சுமக்கும் வேலைக்கு அவரை மாற்றிவிட்டான். தலையில் பாரம் இருந்தால் அவர் கொஞ்சம் நன்றாக இருந்தார்.

தூக்கம்தான் திரும்பவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் பகலில், அவராகவே வாயைத் திறந்து முப்பிடாதியிடம் கேட்டார்.

"நீ பாத்துக்கிட்டு இருக்கியா?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "பாக்கேன்" என்றாள்.

"கண்ணை எடுக்கக்கூடாது."

"எடுக்கலை. நீங்க படுங்க."

அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் படுத்தார்; அசந்துவிட்டார். அவள் மகிழ்ந்துபோய் அடுப்பைப் பார்க்க எழுந்தாள். எழுந்த மாத்திரத்தில் அவர் அலறிக்கொண்டு விழித்தார். அதற்குப் பிறகு அவர் தூங்கும்போதெல்லாம் அவள் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பகலில் தோப்பு வேலை. அவர் படுத்தால் இந்த வேலை. அவள் தலை சரிந்தால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தது. அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்தது. பேச்சு குறைந்தது. அண்ணன் மனைவி ஏதாவது கேட்டால் இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது. ஒருநாள் கூடையோடு நடந்துகொண்டிருந்தவள், நடந்தபடியே தூங்கி வேலிமேல் விழுந்தாள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், அரிசிக்குப் பஞ்சமான ஒரு மார்கழியில், சொரிமுத்துவுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. கடைசிவரை அவள் பக்கத்தில் இருந்தாள். விடிகிற நேரத்தில் அவர் மூச்சு அடங்கியது. கேதம் கேட்டு மேலகரத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பெண்கள் கூடி உட்கார்ந்து மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். முப்பிடாதி அவர்கள் நடுவில் இருந்தாள். அவளும் அழுதாள். அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவள் மடியில் சரிந்தாள். மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அவள் கண் திறக்கவில்லை, குறட்டை கேட்டது. உலுக்கிப் பார்த்தார்கள். காரியம் செய்யவேண்டும், எழுந்திரு என்று கத்தினார்கள். அண்ணன் மாடன் வந்து பார்த்துவிட்டு, "விடுங்கட்டி அவளை" என்றான்.

"கட்டினவன் போன அன்னைக்கு இப்படியா ஒரு பொம்பளை ஒறங்குவா?" என்று வந்தவர்களில் ஒருத்தி சொன்னாள். அந்தப் பேச்சு புளியங்குடியிலும் மேலகரத்திலும் நெடுநாள் சுற்றியது. அவளுக்கு அது தெரியாது. மறுநாள் வெயில் ஏறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.